சுற்றளவு சரி, வீடுதான் வெளியே

என் அக்கா புருஷனை எங்கள் குடியிருப்பில் எல்லோரும் ‘சுற்றளவு’ என்றுதான் சொல்வார்கள். எதிரே வந்தால் ‘சுற்றளவு சார்’, தெருமுனை திரும்பிவிட்டால் வெறும் ‘சுற்றளவு’. எனக்கு அவர் அத்தான். எனக்கு மட்டும் கிண்டல் செய்ய உரிமை உண்டு என்று நினைத்துக்கொண்டு மற்றவர்கள் கிண்டல் செய்தால் சண்டைக்குப் போகிறவன் நான்.

நகர அலுவலகத்தில் அளவுப் பிரிவு என்று ஒன்று இருக்கிறது. அங்கே அத்தானுக்கு முப்பத்தோரு வருட வேலை. செய்தது ஒரே காரியம்தான். நிலத்தைச் சுற்றி நடப்பார், ஒவ்வொரு பக்கத்தையும் நாடா வைத்து அளப்பார், எல்லாவற்றையும் கூட்டுவார், ஒரே ஓர் எண்ணை எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுப்பார். நிலம் ஒழுங்காக நாலு பக்கத்தோடு இருந்தாலும் சரி, பதினேழு பக்கத்தோடு கோணிக்கொண்டு கிடந்தாலும் சரி, அவருக்கு வேண்டியது சுற்றளவு. நிலத்துக்குள்ளே என்ன இருக்கிறது என்று தலை தூக்கிக்கூடப் பார்க்க மாட்டார்.

அதற்கு ஒரு முறை வைத்திருந்தார். அளக்கத் தொடங்கும் மூலையில் இடது கால் செருப்பைக் கழற்றி வைத்துவிடுவார். வலது காலில் மட்டும் செருப்போடு சுற்றி நடந்து, இடது கால் மறுபடியும் செருப்புக்குள் நுழைகிற இடத்தில் அளவு முடிந்தது. ஒரு பக்கமும் விட்டுப்போகாது, ஒரு பக்கமும் இரண்டு தடவை வராது. பிறகு மூன்று முறை கூட்டிப் பார்ப்பார். மூன்றும் ஒத்துப்போனால் பக்கங்களை எழுதிவைத்த தாளைக் கிழித்துப் போட்டுவிடுவார். படம் வரைகிற பழக்கமே கிடையாது. ஏன் கிழிக்கிறீர்கள் என்று ஒருதரம் கேட்டேன். பக்கங்களைக் காட்டினால் ஆளாளுக்கு ஒரு பக்கத்தைப் பிடித்துக்கொண்டு சண்டைக்கு வருவார்கள், கூட்டுத்தொகையோடு யாரும் சண்டை போட முடியாது என்றார்.

கல்யாணப் பேச்சுக்காக முதல்முறை எங்கள் வீட்டுக்கு வந்தவர், வாசல்வரை வந்துவிட்டு உள்ளே நுழையாமல் வீட்டைச் சுற்றி நடக்க ஆரம்பித்தார். ஒற்றைச் செருப்போடு ஓர் ஆள் பின்பக்கம் குனிந்து குனிந்து போவதைப் பார்த்து அப்பா கம்பை எடுத்துவிட்டார். அதற்குள் முன்பக்கம் வந்து சேர்ந்தவர், வணக்கம் சொல்லுமுன் நூற்றுப் பதினெட்டு அடி என்றார். வீடு கட்டிய கொத்தனார் நூற்று இருபது என்றல்லவா கணக்குக் கொடுத்திருந்தார். அப்பா அன்றைக்கே ஆள் வைத்து அளந்தார். நூற்றுப் பதினெட்டுதான். இவ்வளவு நேர்மையான மனிதனுக்குக் கண்ணை மூடிக்கொண்டு பெண்ணைக் கொடுக்கலாம் என்று முடிவு செய்துவிட்டார். அக்காவை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. இந்த முப்பது வருடமாக அவள் அதைச் சொல்லிக் காட்டாத நாள் கிடையாது.

அத்தானுக்கு இந்த உலகத்தில் ஒரே ஓர் எதிரி. அவரும் அதே பிரிவில், அடுத்த மேசையில். அவர் வேலை பரப்பளவு. நிலத்துக்குள்ளே எத்தனை சதுர அடி என்று கணக்குப் போடுகிறவர். இருவர் தலைக்கும் மேலே ஒரே மின்விசிறி. பத்தொன்பது வருடமாக இருவருக்கும் பேச்சு வார்த்தை இல்லை.

காரணம் ஒரு மேசை. அலுவலகத்துக்கு இரண்டு புது மேசை வந்தது. ஒன்று நாலுக்கு நாலு அடி, சதுரம். இன்னொன்று ஆறுக்கு இரண்டு, நீட்டு வாக்கில். யாருக்கு எது என்று மேலாளர் கேட்டபோது அத்தான் இரண்டையும் சுற்றி வந்து அளந்துவிட்டு, இரண்டுக்கும் பதினாறு அடி, எது கொடுத்தாலும் ஒன்றுதான் என்று பெருந்தன்மையாக ஆறுக்கு இரண்டை எடுத்துக்கொண்டார். ஒரு வாரம் கழித்துப் பார்த்தால் அவர் மேசையில் கோப்பு வைத்தால் தண்ணீர் டம்ளர் வைக்க இடமில்லை, டம்ளர் வைத்தால் கோப்பு கீழே விழுகிறது. பக்கத்து மேசையில் பரப்பளவுக்காரர் கோப்பு, டம்ளர், சாப்பாட்டுப் பை எல்லாம் பரப்பி வைத்துக்கொண்டு, உங்களுது பன்னிரண்டு சதுர அடி, என்னுது பதினாறு, சுற்றி வந்தா மட்டும் போதாது சார், உள்ளேயும் எட்டிப் பார்க்கணும் என்று எல்லோர் முன்னாலும் சொல்லிச் சிரித்திருக்கிறார். அன்றோடு முடிந்தது. அதற்குப் பிறகு மின்விசிறியைக் கூட்ட வேண்டும் என்றால்கூட இருவரும் காவலாளியைக் கூப்பிட்டுத்தான் சொல்லுவார்கள்.

இனிமேல் சொல்லப்போவதுதான் விஷயம். எங்கள் குடியிருப்பு ஒரு சங்கத்துக்குச் சொந்தம். எண்பத்து நாலு மனை, ஒவ்வொன்றும் நாற்பதுக்கு முப்பத்தாறு அடி. முப்பது வருடமாகத் தவணை கட்டி, கடைசியில் அவரவர் வீட்டை அவரவர் பெயருக்குப் பத்திரம் எழுதிக் கொடுக்கிறோம் என்று சங்கம் சொன்னது. அதற்கு முன்னால் குடியிருப்பைச் சுற்றிக் கம்பி வேலி போட வேண்டும், வேலிக்குள்ளே இருக்கிற வீடுகளுக்கு அடுத்த ஒன்றாம் தேதி பத்திரம் என்று தீர்மானம் போட்டார்கள். வேலிக்கு எத்தனை அடி கம்பி என்று தெரிய வேண்டுமே. வேறு யார் இருக்கிறார்கள், அத்தானைத்தான் அளக்கச் சொன்னார்கள்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் தன் வீட்டு மூலையிலேயே செருப்பைக் கழற்றி வைத்துவிட்டுக் கிளம்பினார். அந்த மூலை வீடு அவருடையது. குடியிருப்பின் கடைசித் தெருவில் கடைசி வீடு. அதன் பின்பக்கமும் வலப்பக்கமும்தான் எங்கள் எல்லை. மத்தியானம் செருப்பை மாட்டிக்கொண்டு வந்து எழுதிக் கொடுத்தார். பதினேழு பக்கம், மூவாயிரத்து இருநூற்று எண்பத்து நாலு அடி. வழக்கம்போலத் தாளைக் கிழித்தார். சான்றிதழில் கூட்டுத்தொகை மட்டும். குடியிருப்பு வாசலில் நகல் எடுக்கும் கடை வைத்திருப்பவன் நான்தான் என்பதால் அந்தச் சான்றிதழை நான்தான் ஐந்து நகல் எடுத்தேன். என் கையாலேயே எடுத்தேன் என்பதை நினைத்தால் இன்றைக்கும் வயிற்றெரிச்சலாக இருக்கிறது.

ஒப்பந்தக்காரர் சரியாக அத்தனை அடி கம்பியை வண்டியில் கொண்டுவந்து இறக்கினார். மூன்று நாள் வேலை. மூன்றாம் நாள் சாயங்காலம் அத்தான் அலுவலகத்திலிருந்து திரும்பி, குடியிருப்பு வாசல் கதவு வழியாக உள்ளே வந்து, தெரு முழுக்க நடந்து தன் வீட்டுக்கு முன்னால் போய் நின்றால், வீட்டுக்கும் அவருக்கும் நடுவே கம்பி வேலி. உள்ளே அவர். வெளியே வீடு. கம்பிக்கு அந்தப்பக்கம் வாசற்படியில் அக்கா இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றுகொண்டிருந்தாள்.

வேறு யாராக இருந்தாலும் சத்தம் போட்டிருப்பார்கள். அத்தான் பையைத் திறந்து நாடாவை எடுத்தார். செருப்பைக் கழற்றினார். புது வேலியைச் சுற்றி அளக்கக் கிளம்பிவிட்டார். திரும்பி வர ஒன்றரை மணி நேரம் ஆயிற்று. பின்னாலேயே நடந்த எனக்குக் கால் வலி. அக்கா அதே படியில் அதே மாதிரி நின்றாள். அத்தான் முகத்தில் அப்படி ஒரு நிம்மதி.

“மூவாயிரத்து இருநூத்து எண்பத்து நாலு. சரியா இருக்கு” என்றார் அக்காவிடம்.

அக்கா உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

நடந்தது இதுதான். எங்கள் மூலை வீட்டின் பின்பக்கம் நாற்பது அடி, வலப்பக்கம் முப்பத்தாறு. வேலி அந்த இரண்டு பக்கமும் போயிருக்க வேண்டும். அப்படிப் போகாமல், மூலைக்கு முன்னாலேயே உள்ளே திரும்பி, வீட்டின் இடப்பக்கம் முப்பத்தாறு, முன்பக்கம் நாற்பது என்று சுற்றிக்கொண்டு போயிருந்தது. வெளியே போனாலும் எழுபத்தாறு அடி, உள்ளே போனாலும் எழுபத்தாறு அடி. கம்பி மிஞ்சவும் இல்லை, பற்றாமல் போகவும் இல்லை. இரண்டு முனையும் அழகாக வந்து முட்டிக்கொண்டன. பதினேழு பக்கமாக இருந்த குடியிருப்பு பத்தொன்பது பக்கமாகிவிட்டது. கூட்டினால் அதே எண். பக்கங்களை எழுதிவைத்த தாள் இருந்தால் காட்டியிருக்கலாம். அதைத்தான் கிழித்தாயிற்றே.

மறுநாள் நானும் அத்தானும் சங்கச் செயலாளரிடம் போனோம். அவர் நல்ல மனிதர்தான், ஆனால் கையில் காகிதம் இருந்தால் கண்ணை நம்ப மாட்டார். சான்றிதழை எடுத்தார், ஒப்பந்தக்காரரின் ரசீதை எடுத்தார், இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். வேலி சான்றிதழில் சொன்ன அளவுக்கு இருக்கிறது, ஓர் அடி வித்தியாசம் இருந்தாலும் பிரித்துப் போடச் சொல்லலாம், இல்லாத தவறை நான் எப்படித் திருத்துவது என்றார். வேலிக்குள்ளே எண்ணிப் பார்த்ததில் எண்பத்து மூன்று வீடுதான் இருக்கிறது, அதனால் எண்பத்து மூன்று பத்திரம் அச்சுக்குக் கொடுத்தாயிற்று என்றும் சொன்னார். ஒன்றாம் தேதிக்குள் அளவுப் பிரிவிலிருந்து வேலி தவறு என்று எழுத்தில் வந்தால் எண்பத்து நான்காவது வீட்டுக்கும் பத்திரம் உண்டு. வராவிட்டால் அந்த வீடு சங்கத்துக்குச் சம்பந்தமில்லாத வீடு.

நான் கொதித்துப் போனேன். வீட்டை ஜன்னல் வழியாகப் பாருங்கள், முப்பது வருடத் தவணை ரசீதைப் பாருங்கள் என்று கத்தினேன். அவர் ஜன்னல் வழியாகப் பார்த்தார். ஆமாம், வேலிக்கு வெளியேதான் இருக்கிறது என்றார்.

வெளியே வந்ததும் அத்தானிடம், அளவு தவறு என்று நீங்களே எழுதிக் கொடுத்துவிடுங்கள், கதை முடிந்தது என்றேன். அவர் என்னைப் பார்த்த பார்வையை என்னால் மறக்க முடியாது.

“தப்பில்லாத கணக்கைத் தப்புன்னு எழுதச் சொல்றியா மச்சான்?”

தலையில் அடித்துக்கொண்டு கடைக்குப் போனேன்.

அன்றிலிருந்து அந்தக் குடித்தனம் நடந்த கூத்தை எழுதினால் யாரும் நம்ப மாட்டார்கள். தெருக்குழாய் வேலிக்கு உள்ளே. அக்கா குடத்தைக் கம்பிக்கு மேலே தூக்கிக் கொடுப்பாள், எதிர்வீட்டுக்காரி பிடித்து நிரப்பித் திருப்பிக் கொடுப்பாள், பாதித் தண்ணீர் இரண்டு பேர் தலையிலும். தபால்காரர் கடிதத்தைச் சுருட்டிக் கம்பித் துளை வழியாக நீட்டுவார். அத்தான் தினமும் வீட்டை விட்டு இறங்கி, குடியிருப்பை வெளிப்பக்கமாகச் சுற்றிக்கொண்டு வந்துதான் பேருந்து பிடிப்பார். ஆயிரத்து அறுநூற்றுப் பத்து அடி என்று என்னிடம் சொன்னார். நான் கேட்கவில்லை. தெருவில் விளையாடுகிற பிள்ளைகள் கம்பியைப் பிடித்துக்கொண்டு அக்கா சமைப்பதை வேடிக்கை பார்க்கும். ஒருநாள் அவள் கரண்டியோடு வெளியே வந்து, டிக்கெட் வாங்கிட்டீங்களா என்று கேட்டதில் எல்லாம் ஓடிவிட்டன.

என்னோடு பேச அவள் வேலியோரம் முக்காலி போட்டு உட்காருவாள். நான் இந்தப்பக்கம் குத்துக்கால் போட்டு உட்காருவேன். வெளியிலிருந்து பார்த்தால் நான் அவளைச் சிறையில் பார்க்க வந்த மாதிரி இருக்கும், இல்லையென்றால் அவள் என்னை. எட்டாம் நாள் அவள் அழுதாள். இவள் அழுது நான் பார்த்தது அம்மா போனபோதுதான். இந்த வீட்டுக்குத் தவணை கட்டுவதற்காக எத்தனை வருடம் பக்கத்து வீடுகளுக்குத் துணி தைத்துக் கொடுத்தாள் என்பது எனக்குத் தெரியும். அவள் விரல் நுனியில் ஊசி குத்திக் குத்திக் காய்த்துப்போயிருக்கும்.

அந்தப் பரப்பளவு மனிதரிடம் போய்க் கேட்கச் சொல்லேன் என்று அவள்தான் சொன்னாள். எனக்கு அப்போதுதான் உறைத்தது. சுற்றளவு மாறவில்லை, சரி. ஆனால் வேலிக்குள்ளே இருக்கிற இடம் குறைந்துவிட்டதே. ஒரு மனை முழுக்க வெளியே போயிருக்கிறதே. அவர் ஒரு தாளில் எழுதிக் கொடுத்தால் செயலாளர் வாயைத் திறக்க முடியாது. அளவுப் பிரிவு என்றால் அவரும்தானே.

அத்தானிடம் சொன்னேன். தலைகீழாக நின்றாலும் அந்த ஆள் முகத்தில் முழிக்க மாட்டேன் என்றார். ஒன்பது நாளில் வீடு போய்விடும் என்றேன். முப்பத்தோரு வருடமாகச் சுற்றளவு போதும் என்று சொல்லிச் சொல்லியே வேலை பார்த்தவன் நான், இப்போது அவனிடம் போய்க் கை கட்டி நின்றால் நான் செய்ததெல்லாம் என்ன என்று கேட்டார். எனக்குக் கோபம்தான் வந்தது.

பதினோராம் நாள் சாயங்காலம் நான் வேலியோரம் உட்கார்ந்திருந்தேன். அத்தான் வெளிப்பக்கமாகச் சுற்றி வந்து சேர்ந்து செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தார். அக்கா முக்காலியில் உட்கார்ந்தபடியே, என்னைப் பார்க்காமல், அவரைப் பார்த்துச் சொன்னாள்.

“உங்க கணக்குல தப்பில்லைங்க. நான்தான் தப்பு.”

வேலிக்காரர்கள் அன்றைக்குப் பின்பக்கமாகத்தான் வந்திருக்கிறார்கள். பின்பக்க எல்லையை ஒட்டி அக்காவின் ரோஜாத் தொட்டிகள் வரிசையாக இருந்தன. குழி தோண்ட ஒருவன் தொட்டியை நகர்த்தியிருக்கிறான். அக்கா துடைப்பத்தோடு ஓடி, என் செடியைத் தொட்டால் கையை முறித்துவிடுவேன், வேறு பக்கமாகப் போங்கள் என்று விரட்டியிருக்கிறாள். அவர்களும் பாவம், சரிம்மா என்று வேறு பக்கமாகப் போய்விட்டார்கள். அவள் நிம்மதியாகக் கதவைச் சாத்திக்கொண்டு தையல் மிஷினில் உட்கார்ந்துவிட்டாள். எழுந்து வந்து பார்த்தபோது எல்லாம் முடிந்திருந்தது. பதினோரு நாளாக இதை நெஞ்சில் வைத்துக்கொண்டு புழுங்கியிருக்கிறாள்.

திட்டப்போகிறார் என்று நான் கம்பியைப் பிடித்துக்கொண்டேன்.

“எத்தனை தொட்டி?” என்று கேட்டார்.

“ஏழு.”

“ஏழு” என்று சொல்லிவிட்டு உள்ளே போனார்.

மறுநாள் காலையில் கடைக்கு வந்தார். அலுவலகத்துக்குக் கூட வா, எனக்கு வாய் வராவிட்டால் நீ பேசு என்றார். கடையைச் சாத்திவிட்டுப் போனேன்.

பரப்பளவுக்காரர் தன் சதுர மேசையில் பரப்பிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அத்தான் அவர் முன்னால் போய் நின்றார். பக்கத்து மேசைக்காரரைப் பார்க்கப் பத்தொன்பது வருடம் கழித்து மூன்று எட்டு வைத்திருக்கிறார். அலுவலகமே பேனாவைக் கீழே வைத்துவிட்டது. அத்தானுக்கு உதடு அசைந்ததே தவிரச் சத்தம் வரவில்லை. நான் வாயைத் திறப்பதற்குள் பரப்பளவுக்காரர் இழுப்பறையைத் திறந்து ஒரு தாளை எடுத்து மேசையில் வைத்தார். எங்கள் குடியிருப்பின் கணக்கு. சங்கம் நிலம் வாங்கியபோது மூன்று லட்சத்துப் பன்னிரண்டாயிரத்து அறுநூறு சதுர அடி. இப்போது வேலிக்குள் இருப்பது மூன்று லட்சத்துப் பதினோராயிரத்து நூற்று அறுபது. குறைவது ஆயிரத்து நானூற்று நாற்பது. வேலி தவறு. கையெழுத்து, முத்திரை எல்லாம் இருந்தது. தேதியைப் பார்த்தேன். வேலி போட்ட மறுநாள்.

“பதினோரு நாளா இங்கேயே இருக்கு. நீங்க வந்து கேக்கணும்னு வச்சிருந்தேன்” என்றார்.

அந்த ஆளை அங்கேயே நாலு வார்த்தை கேட்டிருப்பேன். அத்தான் என் கையைப் பிடித்துக்கொண்டார். தாளை எடுக்கப் போனபோது பரப்பளவுக்காரர் அதன்மேல் கை வைத்தார். ஒரே ஒரு வரி எழுதிக் கொடுத்துவிட்டு எடுத்துக்கொண்டு போகலாம் என்றார். வெள்ளைத் தாள் ஒன்றையும் பேனாவையும் நகர்த்தினார். எழுத வேண்டிய வரியையும் அவரே சொன்னார்: சுற்றளவு மட்டும் போதாது.

அத்தான் நின்றபடியே அந்தப் பதினாறு சதுர அடி மேசையின் ஓரத்தில் குனிந்து எழுதினார். சான்றிதழ் எழுதுகிற அதே குண்டு கையெழுத்தில், நிதானமாக, தேதி போட்டு, பெயர் போட்டு, பதவி போட்டு எழுதினார். மூன்று முறை படித்துப் பார்த்தார். எனக்குப் பார்க்கச் சகிக்கவில்லை. ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

சாயங்காலம் பரப்பளவுக்காரர் அத்தான் எழுதிய அந்தத் தாளைக் கொண்டுவந்து நாற்பது நகல் வேண்டும் என்று என் கடையிலேயே நின்றார். மை தீர்ந்துவிட்டது என்றேன். ஒன்றாவது எடுங்கள் என்றார். அதற்கும் மை இல்லை என்றேன். இயந்திரம் அவர் முன்னாலேயே வேறு ஒருவருக்கு ஓடிக்கொண்டிருந்தது. அந்த அசல் மட்டும் சட்டம் போட்டு அவர் மேசைக்கு மேலே தொங்குகிறது என்று கேள்விப்பட்டேன். தொங்கட்டும்.

செயலாளர் புதுக் காகிதத்தைப் பழைய காகிதத்துக்குப் பக்கத்தில் வைத்தார், புதியதை நம்பினார். முதலில் வேலி போட்ட அதே மேஸ்திரி, அதே ஆட்கள் வந்தார்கள். எழுபத்தாறு அடி வேலியைப் பிரித்து, வீட்டுக்கு வெளியே கொண்டுபோய்ப் போட்டார்கள். தொட்டிகளை அக்காவே நகர்த்திக் கொடுத்தாள், அதில் ஒன்று கை நழுவி உடைந்தது. கடைசி முனையை முடிச்சுப் போடும்போது மேஸ்திரி தலையைச் சொறிந்தார். என்ன சார் இது, அங்கேயும் சரியா இருந்துச்சு, இங்கேயும் சரியா இருக்கு என்றார். அத்தான், இருக்கும் என்று மட்டும் சொன்னார். வேறு சமயமாக இருந்தால் அரை மணி நேரம் விளக்கியிருப்பார்.

ஒன்றாம் தேதி எண்பத்து நாலு பத்திரமும் கொடுத்தார்கள். மூலை வீட்டுக்கு அக்கா பெயரில் வந்தது. அவள் அதைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தாள். அத்தான் கண்ணாடி போட்டுக்கொண்டு முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம்வரை படித்தார். மறுபடியும் முதலிலிருந்து படித்தார். பரப்பளவு ஆயிரத்து நானூற்று நாற்பது சதுர அடி என்று தனிக் கட்டம் போட்டு அச்சடித்திருந்தது. சுற்றளவுக்குக் கட்டமே இல்லை. அவர் பத்திரத்தை அக்காவிடம் கொடுத்துவிட்டு வாசற்படியில் போய் உட்கார்ந்தார். அன்றைக்கு அவர் சாப்பாட்டில் பாதியை வைத்துவிட்டார் என்று அக்கா சொன்னாள்.

இரண்டு நாள் கழித்து, மத்தியானம் கடையைச் சாத்திவிட்டு அந்தப் பக்கம் போனேன். வீட்டு மூலையில் ஒற்றைச் செருப்பு கிடந்தது. பெண்கள் செருப்பு. பின்பக்கம் போய்ப் பார்த்தால், அக்கா ஒரு காலில் மட்டும் செருப்போடு, துணி தைக்கிற அந்த ஐந்தடி இஞ்சு டேப்பை மண்ணில் நீட்டி, ஒரு முனையில் கல்லை வைத்து, மறு முனையில் விரலை ஊன்றி, தவழ்ந்து தவழ்ந்து வந்துகொண்டிருந்தாள். என்னக்கா இது என்று நான் ஆரம்பித்ததும் கையைக் காட்டி அடக்கினாள்.

“பேசாதே. எண்ணிக்கை விட்டுப்போயிடும்.”

சுற்றி வந்து செருப்பில் காலை நுழைத்துக்கொண்டு எழுந்தாள். முழங்காலெல்லாம் மண். உள்ளே போய்ப் பத்திரத்தை எடுத்து, அதன் பின்பக்கத்தில் பேனாவால் எழுதினாள். சுற்றளவு: 158 அடி.

நாற்பதும் முப்பத்தாறும் எழுபத்தாறு. அதை இரண்டு மடங்காக்கினால் நூற்றைம்பத்திரண்டு. எங்கள் குடியிருப்பில் பால்காரருக்குக்கூட இது தெரியும், அவ்வளவு தடவை அத்தான் சொல்லியிருக்கிறார். எங்கேயோ கல் ஓர் அடி நகர்ந்திருக்கிறது, ஓர் ஐந்தடியை இரண்டு தடவை வேறு எண்ணியிருக்கிறாள். சொல்லிவிடலாம் என்று பார்த்தேன். அந்த முழங்காலைப் பார்த்துவிட்டு எனக்கு வாய் வரவில்லை. ஆனால் அத்தான் விட மாட்டார் என்று பயமாக இருந்தது. கல்யாணப் பேச்சுக்கு வந்த இடத்தில் மாமனாருடைய இரண்டு அடியை விட்டுக்கொடுக்காத மனிதர் இவர்.

சாயங்காலம் அவர் வந்ததும் அக்கா பத்திரத்தைத் திருப்பி நீட்டினாள். கட்டம் இல்லைன்னா என்ன, நானே எழுதிட்டேன் என்றாள். அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படித்தார். உதடு அசைந்தது. நாற்பது, முப்பத்தாறு, நாற்பது, முப்பத்தாறு என்று அவர் கூட்டுவது எனக்குத் தெரிந்தது. ஒரு முறை கூட்டினார். இரண்டாம் முறை கூட்டினார். மூன்றாம் முறை கூட்டவில்லை. அக்காவின் சேலையில் ஒட்டியிருந்த மண்ணைப் பார்த்தார்.

“சரியா இருக்கு” என்றார்.

சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்து, அவள் எழுதியதற்குக் கீழே தேதி போட்டு, முழுக் கையெழுத்தும் போட்டுக் கொடுத்தார். இன்றைக்கும் எங்கள் குடியிருப்பில் எந்த மனையைக் கேட்டாலும் நூற்றைம்பத்திரண்டு அடி என்றுதான் சொல்வார். தன் வீட்டுக்கு மட்டும் நூற்றைம்பத்தெட்டு.